ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு பழைய குஞ்சு பொரிப்பான்

முதல் முறை வைத்த 40 முட்டைகளில் 7 குஞ்சுகள்தாம் உயிருடன் வெளியே வந்தன. 8 முட்டைகள் கரு கூடாதவை. அவற்றை ஏழாம் நாளிலேயே விளக்கொளியில் பார்த்து எடுத்துவிட்டேன். 4 முட்டைகளில் கரு பாதி வளர்ச்சியில் நின்றுபோயிருந்தது. மீதி 21 முட்டைகளிலும் குஞ்சு முழுமையாக வளர்ந்திருந்தது. சிலவற்றில் அலகு ஓட்டைக் கீறியும் இருந்தது. ஆனால் உள்தோல் காகிதம் போலக் காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ள, திரும்ப வழியில்லாமல் அவை உள்ளேயே இறந்திருந்தன. அந்த 21 முட்டைகளையும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்த காலைப்பொழுதை நான் இன்னும் மறக்கவில்லை. பழைய மரப்பெட்டி ஒன்றைச் சீர்செய்து மலையில் குஞ்சு பொரிக்க நினைப்பவர்களுக்கு அந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் வாடல் தொட்டிகளையும் உலர்த்தி எந்திரத்தையும் கவனித்து ஓய்வு பெற்றவன். அடுத்த வீட்டில் இருக்கும் என் அத்தை நெடுங்காலமாகச் சிறுவிடைக் கோழிகள் வளர்த்து வருகிறார். குளிர் மாதங்களில் அவருடைய பெட்டைகள் ஒழுங்காக அடையில் அமர்வதில்லை. அமர்ந்தவற்றைக் கீரியும் மரநாயும் விட்டுவைப்பதில்லை. ஒரு மழைக்காலம் முடிந்தபோது ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும்தாம் மிஞ்சியிருந்தன. இந்தக் குளிருக்குப் பழகிய வம்சம் நம் கண்ணெதிரே அற்றுப்போகிறதே என்ற கவலைதான் என்னைக் குஞ்சு பொரிப்பான் தேட வைத்தது.

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் அந்தப் பெட்டி கிடந்தது. இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம், தேக்குப் பலகை, விரல்களைக் கோத்தது போல் பின்னிய மூலைகள், முன்பக்கம் இரட்டைக் கண்ணாடி வைத்த சிறு கதவு. சுவர் இரண்டு அடுக்காக இருந்தது. நடுவில் மரத்தூள் அடைத்திருந்தார்கள். மின்விசிறி கிடையாது. மேல்பக்கம் சூட்டுச் சுருள். அதன் கீழே கம்பிவலைத் தட்டு. அதற்கும் கீழே தகரத் தண்ணீர்த் தட்டு இரண்டு. சூட்டைக் கட்டுப்படுத்துவது ஈதர் அடைத்த பித்தளை வில்லை ஒன்று. இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1881-இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஹியர்சன் என்பவர் இத்தகைய வில்லையை மண்ணெண்ணெய் விளக்கில் இயங்கும் பொரிப்பானில் பொருத்தினார். சூடு கூடும்போது வில்லைக்குள் இருக்கும் திரவம் ஆவியாகி அதை உப்பச் செய்யும். உப்பிய வில்லை ஒரு நெம்புகோலைத் தூக்கி விளக்கின் சூட்டை வெளியே திருப்பிவிடும். என் பெட்டியில் நெம்புகோலுக்குப் பதிலாக ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. மற்றபடி அடிப்படை அதுவே.

சீர்செய்யத் தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய பொரிப்பான்களில் சூடு படும் இடத்தைச் சுற்றிக் கல்நார் அட்டை வைத்திருப்பார்கள். சாம்பல் நிறத்தில் நாராகப் பிரியும் எதையும் கல்நார் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. என் பெட்டியில் இருந்த துண்டைத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, முகமூடியும் கையுறையும் அணிந்து முழுத்துண்டாகவே கழற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டினேன். பழைய சாயத்தில் காரீயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்தே தேய்த்தோம். துணி சுற்றிய மின்கம்பிகளின் ரப்பர் உறை தொட்டால் உதிர்ந்தது. அவை முழுவதையும் எடுத்துவிட்டு, சூடு தாங்கும் உறையுள்ள புதுக் கம்பி, புவி இணைப்பு, கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவற்றைப் போட்டேன். தண்ணீர்த் தட்டும் சூட்டுச் சுருளும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது இதில் சிக்கனம் பார்ப்பது தவறு.

மரவேலை எங்கள் ஊர் ஆசாரியின் கையால் நடந்தது. மூலைகள் ஏன் பிரிந்திருக்கின்றன என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். “ஐயா, இது வச்சிரம் போட்டு ஒட்டினது. தண்ணியும் சூடும் சேர்ந்தா வச்சிரம் இளகிடும். பலகைமேல தப்பு இல்ல” என்றார். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசையை வெந்நீர்த் துணியால் இளக்கித் துடைத்துவிட்டு, நீர் தாங்கும் ஃபெவிகால் வைத்து இறுக்கினார். கதவின் ஓரத்தை மட்டும் உடனே இழைக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஐப்பசி மழையில் மரம் ஊதும், தை மாதக் காற்றில் சுருங்கும்; இரண்டையும் பார்த்துவிட்டு இழைக்கலாம் என்பது அவர் கணக்கு. அது சரியாகவே இருந்தது. மழையில் இறுகிய கதவை அப்போதே இழைத்திருந்தால் தை மாதத்தில் பெரிய இடைவெளி விழுந்திருக்கும். அந்த இடைவெளிக்குப் பழைய கம்பளியை நாடாவாக வெட்டி ஒட்டினோம். பெட்டியின் வெளிப்புறத்துக்கு அரக்கு மெருகு போட்டோம்; உட்புறத்தில் எந்தச் சாயமும் வார்னிஷும் பூசவில்லை. மூடிய பெட்டியில் சூடேறும்போது அவற்றிலிருந்து எழும் வாடை கருவுக்குக் கேடு. பழைய மரத்தூளில் பூஞ்சை வாடை வீசியதால் அதைக் கொட்டிவிட்டு, நன்றாக வெயிலில் காயவைத்த புதுத் தூளை அடைத்தோம்.

ஈதர் வில்லை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. 40 டிகிரி செல்சியஸ் அளவு வெந்நீரில் அதை அமிழ்த்தினால் சில நொடிகளில் கன்னம் உப்புவது போல் உப்ப வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் பழையபடி தட்டையாக வேண்டும். உப்பவில்லை என்றால் ஈதர் கசிந்துவிட்டது என்று பொருள். ஈதர் மிக எளிதில் தீப்பற்றும். ஆகவே வில்லையில் ஈயப் பற்று வைத்துச் சரிசெய்யும் எண்ணமே வேண்டாம். என் வில்லை சோதனையில் தேறியது.

கீழே சமவெளியில், காரமடையில் என் மைத்துனர் வீட்டில் பெட்டியை இரண்டு நாள் ஓட்டி, சூட்டின் அளவை வைக்கும் திருகாணியைத் திருகித் திருகி முட்டை மட்டத்தில் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிறுத்தினேன். மின்விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று கீழேயும் அடுக்கடுக்காக நிற்கும். எனவே வெப்பமானியின் குமிழ் முட்டையின் மேல்விளிம்பு மட்டத்தில் இருக்க வேண்டும். அங்கே 102 என்றால் முட்டையின் நடுவில் தேவையான சூடு கிடைக்கும். விசிறி உள்ள பெட்டிகளுக்குச் சொல்லப்படும் 99.5 டிகிரியை இதற்கு வைத்தால் குஞ்சு தாமதமாகும், பலவீனமாகும். இவ்வளவும் சரியாகச் செய்து, திருகாணி நகராமல் அரக்கு வைத்து, வேனில் ஏற்றி மேட்டுப்பாளையம் வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டேன். வெப்பம் 94 டிகிரியைத் தாண்டவில்லை.

சுருள் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். மின்னழுத்தத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கதவு இடைவெளிகளை அடைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. பிறகு கண்ணாடி வழியாக வில்லையை உற்றுப் பார்த்தபோதுதான் 94 டிகிரியிலேயே அது முழுமையாக உப்பிச் சுவிட்சை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்போதுதான் விளங்கியது. வில்லை சூட்டை மட்டும் உணரும் கருவி அல்ல. உள்ளே இருக்கும் ஆவியின் அழுத்தமும் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தமும் அதன் இரு பக்கமும் நின்று மல்லுக்கட்டுகின்றன. எங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். வெளியிலிருந்து அமுக்குவது குறைந்ததால் வில்லை குறைந்த சூட்டிலேயே உப்பிவிடுகிறது. எங்கள் வீட்டில் பருப்பு வேக நேரம் எடுப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. அரக்கைச் சுரண்டி எடுத்து, திருகாணியை வில்லையிலிருந்து விலக்கி, இரண்டு நாள் பொறுமையாகக் கவனித்து மீண்டும் 102-இல் நிறுத்தினேன். ஆகவே ஈதர் வில்லை உள்ள பெட்டியை எந்த உயரத்தில் பயன்படுத்தப் போகிறோமோ அங்கேயேதான் அளவு வைக்க வேண்டும். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகிக் காற்றழுத்தம் தாழும் நாட்களில்கூட என் பெட்டியில் வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக நான் திருகாணியைத் தொடுவதில்லை.

வெப்பத்தில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட நான், ஈரத்தில் அதே பாடத்தை யோசிக்கத் தவறினேன். அதன் விலைதான் அந்த 21 குஞ்சுகள். முட்டை வைத்தது கார்த்திகை மாதம். வெளியே கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. துணி மூன்று நாளாகியும் காயவில்லை. இவ்வளவு ஈரத்தில் பெட்டிக்குள் எதற்கு அதிகத் தண்ணீர் என்று எண்ணி ஒரு தட்டில் மட்டுமே ஊற்றினேன். வாடல் தொட்டியில் காற்றைச் சூடாக்கித் தேயிலையின் ஈரத்தை எடுப்பதை 26 ஆண்டுகள் பார்த்தவன் நான். அதையே முட்டைக்கும் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றவில்லை. 14 டிகிரி செல்சியஸ் குளிரில் 95 சதவீத ஈரப்பதம் கொண்ட மூடுபனிக் காற்று, பெட்டிக்குள் நுழைந்து சூடேறியதும் அதன் ஈரப்பதம் கால் பங்குக்கும் கீழே போய்விடுகிறது. குளிர்ந்த காற்றால் சிறிதளவு நீராவியையே தாங்க முடியும் என்பதுதான் காரணம்.

இதற்கு மேல் உயரம் ஒரு கேடு செய்கிறது. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே நீராவி வெளியேறும், பிராணவாயு உள்ளே போகும். காற்று மெலிந்த இடத்தில் நீராவி அந்தத் துளைகளில் விரைவாகப் பரவும். எங்கள் உயரத்தில் அந்த வேகம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு அதிகம். ஆகவே சமவெளியில் முதல் 18 நாட்களுக்குச் சொல்லப்படும் 50 முதல் 55 சதவீத ஈரப்பதம் எங்களுக்குப் போதாது. 60-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும்.

ஆனால் இந்த எண்களைவிட நான் நம்புவது தராசை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்று ஓடும் இடத்தில்தான் சரியாகக் காட்டும். காற்று அசையாத பெட்டியில் ஈரத்தைக் கூடுதலாகக் காட்டிவிடும். அதற்குரிய அட்டவணைகளும் பெரும்பாலும் கடல் மட்டத்துக்குப் போட்டவை. முட்டையின் எடைக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. முட்டை அடைகாக்கும்போது நீரை மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் இழக்கிறது. வைத்த நாளிலிருந்து 18-ஆம் நாளுக்குள் அதன் எடையில் 12 முதல் 13 சதவீதம் குறைந்திருந்தால் போதுமானது. அத்தையின் கோழிகள் இடும் முட்டை ஏறத்தாழ 42 கிராம். 10 முட்டைகளைத் தனிக்கூடையில் அடையாளமிட்டு வைக்கிறேன். தொடக்கத்தில் 420 கிராம் என்றால் 18-ஆம் நாள் 365 முதல் 370 கிராமுக்குள் வர வேண்டும், அதாவது நாளொன்றுக்கு 3 கிராம். மூன்று நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பார்க்கிறேன். 9 கிராமுக்குப் பதில் 13 கிராம் குறைந்திருந்தால் இரண்டாம் தட்டிலும் தண்ணீர் ஊற்றி, அதில் பஞ்சை நிறுத்தி நீர்ப்பரப்பை அதிகமாக்குகிறேன். தட்டின் ஆழம் எவ்வளவு என்பது முக்கியமில்லை. பரப்பு எவ்வளவு என்பதுதான் ஈரத்தைத் தீர்மானிக்கும். 6 கிராம்தான் குறைந்தது என்றால் ஒரு தட்டை எடுத்துவிடுவேன். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு இதற்குப் போதும். முதல் முறையே நிறுத்திருந்தால் ஆறாம் நாளிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

மரப்பெட்டிக்கே உரிய ஒன்றையும் தராசுதான் காட்டிக்கொடுத்தது. நீண்ட நாள் அணைத்து வைத்த பெட்டியின் பலகை, முதல் நான்கைந்து நாட்கள் தட்டில் இருந்து எழும் ஈரத்தைத் தானே குடித்துவிடுகிறது. அதனால் இப்போது முட்டை வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீர்த் தட்டோடு பெட்டியை ஓடவிடுகிறேன். ஈரத்துக்காகக் காற்றுத் துளைகளை அடைத்துவிடலாம் என்றும் ஒரு ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. மெலிந்த காற்றில் பிராணவாயுவும் குறைவு. கடைசி வாரத்தில் குஞ்சுக்கு அது நிறைய வேண்டும். துளைகளைத் திறந்தே வைத்து நீர்ப்பரப்பைக் கூட்டுவதுதான் சரி.

காரமடையிலிருந்து கொண்டுவந்த 20 முட்டைகளையும் அத்தையின் 20 முட்டைகளையும் ஒரே தட்டில் வைத்து ஒருமுறை பார்த்தேன். கீழ்நாட்டு முட்டைகள் வேகமாக எடை இழந்தன. குஞ்சுகளும் குறைவாகவே வந்தன. உயரத்தில் வாழ்ந்து பழகிய கோழிகள் நீராவியை எளிதில் விடாத ஓடுள்ள முட்டை இடுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அத்தையின் வம்சத்தைக் காக்க வேண்டும் என்ற என் பிடிவாதத்துக்கு இது ஒரு நல்ல காரணம். கீழிருந்து கொண்டுவருவதாக இருந்தால், கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த முட்டைகளைக் கூர்முனை கீழாக ஒரு நாள் ஓய்வில் வைத்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். சேமித்து வைப்பதில் மட்டும் மலைக்காரர்களுக்கு வசதி: அடைமுட்டைக்கு உகந்த 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் எங்கள் அறையிலேயே இருக்கிறது. அப்படியும் ஏழு நாளுக்கு மேல் வைப்பதில்லை.

மற்ற வேலைகள் எல்லாரும் அறிந்தவை. ஒரு பக்கம் புள்ளியும் மறுபக்கம் கோடும் பென்சிலால் குறித்து, நாளுக்கு ஐந்து முறை திருப்புகிறேன். ஒற்றைப்படையாகத் திருப்பினால்தான் நீண்ட இரவில் முட்டை தினமும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்காது. ஏழாம் நாள் விளக்கொளியில் சிலந்தி போல் பரவிய இரத்த நாளங்கள் தெரிய வேண்டும். 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, இரண்டு தட்டிலும் வெந்நீர் ஊற்றி, ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு உயர்த்திக் கதவை மூடினால் அதன்பின் திறப்பதில்லை.

மின்வெட்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். மரம் விழுந்து கம்பி அறுந்தால் எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது. இரண்டாம் முறை வைத்தபோது 12-ஆம் நாள் இரவு மின்சாரம் போய்ப் பதினொரு மணி நேரம் வரவில்லை. பெட்டியின் மேல் இரண்டு கம்பளிகளைப் போர்த்தி, காற்றுத் துளைகள் மட்டும் தெரியும்படி விட்டு, வெந்நீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டிகள் நான்கைத் துணியில் சுற்றித் தண்ணீர்த் தட்டுகளின் இடத்தில் வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினேன். விடியற்காலையில் வெப்பம் 91-க்கு இறங்கியிருந்தது. மரத்தூள் அடைத்த இரட்டைச் சுவரின் அருமை அன்றிரவுதான் தெரிந்தது. சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். பதறிப்போய் அளவுக்கு மீறிச் சூடாக்குவதுதான் ஆபத்து. 105 டிகிரியைத் தாண்டவிடவே கூடாது. அந்த முறை குஞ்சுகள் 22-ஆம் நாள் மாலைதான் வந்தன. ஆனாலும் கரு கூடிய 31-இல் 23 வந்தன. இப்போது கரு கூடிய 34-இல் 28 வரை வந்திருக்கின்றன. இந்த உயரத்தில் இதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை.

அத்தைக்குத் தொடக்கத்தில் பெட்டியில் நம்பிக்கை இல்லை. அடைக்கூடையில் இடிக்குக் காப்பாக இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவது அவர் வழக்கம். முதல் முறை நேர்ந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, கடைசி மூணு நாள் பெட்டை ஈர நெஞ்சோட வந்து உக்காரும்டா. உன் பெட்டிக்கு ஏது நெஞ்சு?” என்று கேட்டார். மழையில் மேய்ந்து நனைந்த இறகோடு திரும்பி வரும் பெட்டையைச் சொன்னார். என் கணக்குகள் எல்லாம் சொன்னதும் அதைத்தான். அவர் கொடுத்த இரும்புத் துண்டு, ஒரு தேய்ந்த கவ்வாத்துக் கத்தியின் முனை, பெட்டியின் மூலையில் இன்றும் இருக்கிறது.

ஓடு கீறிய குஞ்சு முழுதாக வெளியேற 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். உதவி செய்யக் கை பரபரக்கும், செய்யக் கூடாது. உள்தோலின் இரத்த நாளங்கள் வற்றும் முன் ஓட்டை உரித்தால் குஞ்சு இரத்தம் கொட்டி இறக்கும். வெளிவந்த குஞ்சுகள் மஞ்சள் கருவின் மிச்சத்திலேயே இரண்டு நாள் வாழும். எனவே இறகு உலரும்வரை பெட்டிக்குள்ளேயே விடுகிறேன். பிறகு 95 டிகிரியில் வைத்த வளர்ப்புக் கூண்டுக்கு மாற்றி, வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைக்கிறேன். சமவெளியில் நான்காம் வாரம் விளக்கை எடுத்துவிடுவார்கள். எங்கள் குளிரில் ஆறு வாரம், மார்கழியில் ஏழு வாரம் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெட்டி காலியானதும் தட்டுகளைச் சோப்பு நீரில் கழுவி, கதவைக் கழற்றி, வெயில் விழும் நாள் பார்த்துப் பலகை வாடை போகும்வரை திண்ணையில் வைத்துவிடுகிறேன். சென்ற மாதம் எண்ணியபோது அத்தையின் முற்றத்தில் பெட்டைகள் 19, சேவல்கள் 4. அவற்றில் மூன்று பெட்டைகள் இந்தப் பங்குனியில் தாமாகவே அடையில் அமர்ந்துவிட்டதால், பெட்டியை ஆடி மாதம் வரை மூடி வைத்திருக்கிறேன்.